பொட்டுக்குக் கீழே ஒரு விளக்கு

சனிக்கிழமை சாயங்காலம் அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கித் தங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே சத்யபிரியாவுக்குப் புளித்த வாடை அடித்துவிட்டது. மாவு வாடை அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. அவள் அம்மா கனகவல்லி இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். 'மாவுக்கார வீடு' என்று சொன்னால்தான் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கே வழி தெரியும். ஆனால் வீட்டுக்குள் புளிக்கிற மாவுக்கு ஒரு மரியாதை உண்டு. மோர் மாதிரி மெதுவாக வந்து மூக்கைத் தொடும். இது மூடிக் கிடந்து கெட்ட மாவு. மூக்கைப் பொத்த வைக்கிற வாடை. வாசலில் உறை போட்டு நின்ற காரிலிருந்து வந்தது.

பையைக் கீழே போட்டுவிட்டு உறையைத் தூக்கிப் பார்த்தாள். பின் கண்ணாடியில் உள்பக்கமாக மாவு தெறித்துக் காய்ந்து, உப்புப் பூத்த சுவர் மாதிரி இருந்தது. பின் பம்பரின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது.

"வந்ததும் வராததுமா அங்க என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? உள்ள வா, தூறுது" என்றாள் கனகவல்லி வாசலிலிருந்து. குரலில் சத்து இல்லை.

சத்யபிரியாவுக்கு விஷயம் வியாழக்கிழமையே தெரியும். கூடப் படித்த ஜான்சி ஒரு வீடியோவை அனுப்பி, 'ஏய், இது உங்கம்மா தானே?' என்று கேட்டிருந்தாள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. பாலத்து ஏற்றத்தில் அந்த வெள்ளை கார் ஏறிக்கொண்டிருக்கிறது. நிற்கிறது. பின்னால் உருண்டு வந்து ஒரு ஆட்டோவின் மூக்கில் முட்டுகிறது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து கையை ஆட்டிக் கத்துகிறார். கார் கண்ணாடிக்குள் அம்மாவின் முகம், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவின் மேல் எழுதியிருந்தான்: 'ஆன்ட்டிக்கு மாவு ஆட்டத்தான் தெரியும்.' பக்கத்தில் சிரிக்கிற முகங்கள் வரிசையாக.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குக் கீழே அப்பா போட்டிருந்த செய்தி. 'வணக்கம். என் மனைவி புதிதாகக் கார் ஓட்டுகிறார். பதற்றத்தில் கிளட்சை விட்டுவிட்டார். அனைவருக்கும் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இனி இப்படி நடக்காது. இப்படிக்கு, சின்னப்பன்.' கடைசியில் ஒரு கும்பிடு.

இனி இப்படி நடக்காது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சாவி அப்பாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

சின்னப்பன் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வந்து லுங்கிக்கு மாறி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சத்யபிரியா ஆரம்பித்தாள்.

"எதுக்குப்பா அந்த மெசேஜ்?"

"எந்த மெசேஜு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அம்மா சார்பா மன்னிப்பு கேட்டிருக்கீங்களே, அது."

"தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுறான். நாமளே முந்திக்கிட்டா வாய மூடுவான். எல்லாம் கௌரவத்துக்குத்தான்." தோசையைப் பிய்த்துத் தக்காளித் தொக்கில் ஒற்றினார். "முடிஞ்சு போன கதைய நோண்டாத."

"யாருக்கு முடிஞ்சுது? வண்டி தானா ஆஃப் ஆச்சுன்னு அம்மா சொல்லுது."

"சொல்லும். கத்துக்குற எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. நான் போனேன், உக்காந்தேன், சாவியத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆச்சு. பாலமே பாத்துச்சு. வண்டியில ஒண்ணும் இல்லன்னா தப்பு யாரு மேல?"

"போனதும் ஸ்டார்ட் ஆச்சா?"

"ட்ராபிக்க ஒதுக்கி விட்டுட்டு, கொஞ்சம் நேரம் கழிச்சு ஆச்சு. இப்ப அதுவா முக்கியம்? நீ ஆபீஸ்ல ஊரான் வண்டியெல்லாம் செக் பண்ணு. இது என் வண்டி. கை வைக்காத."

கனகவல்லி கல்லில் தோசையைத் திருப்பிப் போட்டாள். "விடுடி. விட்டுட்டேன் போல இருக்கு. எனக்கே சரியா ஞாபகம் இல்ல" என்றாள்.

வியாழக்கிழமை போனில் அவள் அப்படிச் சொல்லவில்லை. 'நான் விடலடி, சத்தியமா விடல' என்று அழுதாள். இரண்டு நாளில் அவள் வாயாலேயே மாற்றிச் சொல்ல வைத்துவிட்டார்கள். சத்யபிரியா தோசையைப் பாதியில் வைத்தாள். எழுந்து கை கழுவினாள்.

அந்த கார் வாங்கியதே சின்னப்பனின் பிடிவாதம். சத்யபிரியா அப்போது காலேஜில் ஆட்டோமொபைல் படித்துக்கொண்டிருந்தாள். 'பழைய வண்டி, நல்லா பாத்து வாங்கலாம்பா' என்றாள். அவரோ, தன்கூட வேலை பார்க்கிறவரின் மச்சான் விற்கிறார், நம்ம ஆளு, தங்கமான வண்டி என்று முந்திக்கொண்டு ஓட்டி வந்துவிட்டார். அதற்கப்புறம் வண்டியைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்ன மாதிரி முறைப்பார். பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னால் அவ்வளவு முறைக்க மாட்டார். அது இப்போது பாலத்தில் தெரிந்துவிட்டது.

கனகவல்லி ஓட்டக் கற்றுக்கொண்டது மாவுக்காக. நெமிலிச்சேரி, சிட்லபாக்கம், ராதா நகர் என்று கடைகள் பெருகிவிட்டன. டப்பாக்களை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோக சின்னப்பனுக்கு மனம் வரவேண்டும். மனம் வராத காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறி, மடியில் ஒரு டப்பா, காலிடுக்கில் ஒரு டப்பா என்று போவாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு மாதமாகத்தான் காரை எடுத்தாள். அந்த ஒரு மாதத்தில் போனில் அவள் குரலே வேறு. 'இன்னிக்கு சிட்லபாக்கம் ஏரிய சுத்தி வந்தேன்டி, ரிவர்ஸ் எடுத்தேன்டி' என்பாள். இப்போது சிட்லபாக்கம் கடைக்காரர், மாவு நேரத்துக்கு வரவில்லை என்று வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. ஐப்பசி மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இந்த ஈரத்தில் மாவு பொங்க அடம்பிடிக்கும். கனகவல்லி உளுந்தை வெந்நீர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்தயத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தாள். கிரைண்டர் குழவிகள் சுற்ற, ஓரத்தில் ஒதுங்குகிற உளுந்தைக் கையால் வழித்து வழித்து நடுவில் தள்ளினாள். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்த சத்யபிரியா தற்செயலாகக் கீழே பார்த்தாள்.

அம்மாவின் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முழுசாக அழுத்தும். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, குதிகால் ஊன்றியபடி மேலே வரும். மறுபடி அழுத்தும்.

"என்னம்மா பண்ற?"

கனகவல்லி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல."

"கிளட்ச்சா?"

"எப்படி விட்டேன்னு பாக்குறேன்டி. மூணு நாளா பாக்குறேன். எந்த எடத்துல விட்டேன்னே தெரியல."

சத்யபிரியா காபி டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் அது உருண்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம், அதுதான் ரொம்ப மோசம். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"யக்கா! மாவுக்கார யக்கா!"

தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு எவர்சில்வர் மூடியோடு ஒருவர் நின்றார். வீடியோவில் கையை ஆட்டிக் கத்திய அதே ஆட்டோக்காரர்.

"இந்த மூடி உன்துதானே யக்கா? அன்னிக்கு டப்பா கவுந்துச்சுல்ல, டிக்கிய தொறக்கசொல்லோ என் வண்டிக்கடில உருண்டு வந்துச்சு. நான் வூட்டுக்கு எத்துனு போனா, பொண்டாட்டி தயிர் சட்டிக்கு மூடி வச்சிட்டா. 'குப்பா, இது உனக்கு எப்புடி வந்துச்சு'ன்னு அவ கேக்க, நான் கதை சொல்ல, 'போய் குட்த்துட்டு வா'ன்னு அவ தொரத்த, ஒரே பேஜாரு."

"நீங்கதானே அன்னிக்கு அந்தக் கத்து கத்துனது?" என்றாள் சத்யபிரியா.

குப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணா? கத்துனேன் பாப்பா. புது ஹெட்லைட்டு. டமால்னு பூட்ச்சுன்னா கத்தாம கொஞ்சுவனா? ஆனா வீடியோ எட்த்தது நான் இல்ல. எவனோ பைக்குல வந்த பொறம்போக்கு."

"அண்ணா, ஒண்ணு கேக்குறேன். கிளட்சை விட்டா வண்டி எப்படி நிக்கும்?"

"இன்னா பாப்பா, என்னாண்ட கேக்குற கேள்வியா இது? தவளையாட்டம் ஒரு குதி குதிச்சுத்தான் நிக்கும்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பிளாஸ்டிக் கவரைத் தலையிலிருந்து எடுத்தார். "இது குதிக்கல."

"குதிக்கலையா?"

"குதிக்கவே இல்ல. நான் பின்னாடியே வந்துக்கினு கீறேன், கண்ணால பாத்தேன். நல்லா ஏறிக்கினு இருக்கசொல்லோ, கரன்ட்டு பூட்ச்சுன்னா ஃபேன் எப்டி நிக்கும், அப்டி அமுந்துச்சு. அப்பால தான் பின்னால வந்துச்சு."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னண்ணா?"

"சொன்னேன் பாப்பா! உங்கப்பா கைல சொன்னேன். 'அண்ணாத்த, அது தானா ஆஃப் ஆச்சு, யக்கா மேல தப்பு இல்ல'ன்னேன். அவரு என் தோள்ல கைய போட்டு, 'நீ வா தம்பி, ஹெட்லைட்ட நான் பாத்துக்குறேன்'னு ஓரமா தள்ளிக்கினு பூட்டாரு."

உள்ளே கிரைண்டர் சத்தம் நின்றது. கனகவல்லி மாவுக் கையோடு வாசலுக்கு வந்து மூடியை வாங்கிக்கொண்டாள். மூடியையே பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நான் விடல" என்றாள்.

"உட்ருந்தா குதிச்சிருக்கும் யக்கா" என்றார் குப்பன். "எனக்கு மட்டும் கொஞ்சம் மாவு குடு. மூடிய புடுங்கிட்டேன்னு அவ கடுப்புல கீறா."

அவர் போனதும் சத்யபிரியா அம்மாவைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். அவளுடைய வேலையே இப்படிக் கேட்பதுதான். பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு கம்பெனிக்கு அவள் இன்ஸ்பெக்டர். ஆபீஸ் நாவலூரில், விடுதி அங்கேயே பக்கத்தில். நாளெல்லாம் கூடுவாஞ்சேரிக்கும் வேளச்சேரிக்கும் அலைந்து, விற்கிறவர் வீட்டு வாசலில் அவர் காரைத் துருவுவாள்.

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடி மீட்டர்ல ஏதாவது லைட் வந்துச்சாம்மா? மஞ்சளா, செவப்பா?"

"ஒண்ணும் வரல. எப்பவும் போலத்தான் இருந்துச்சு. அந்தப் பொட்டு வெளக்கு மட்டும்தான்."

"எந்தப் பொட்டு வெளக்கு?"

கனகவல்லிக்கு அந்த நிலைமையிலும் லேசாக வெட்கம் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்கப்பா ஒட்டினது. என்னோட பொட்டு ஒண்ண எடுத்து மீட்டர் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்காரு. வெல்வெட் பொட்டு. நான் மொத நாள் வண்டிய எடுக்கும்போதே பாத்தேன். கேக்கல. கேட்டா எடுத்துருவாரு. இத்தன வருஷத்துல மனுஷன் ஒரு பூ வாங்கித் தந்தது இல்ல, நம்ம பொட்ட வண்டியில வச்சிருக்காரேன்னு இருந்துச்சு. எதிர்வீட்டு ஞானசௌந்தரி கைலகூட சொன்னேன். அதுக்குக் கீழ குட்டியா ஒரு வெளக்கு எரியும்டி. அகல் மாதிரி. சாமி படத்துக்கு முன்னாடி வச்ச மாதிரி அழகா இருக்கும்."

"எப்பவுமா எரியும்?"

"ஓட்டுற வரைக்கும் எரியும். ஏன்டி, அது எரியக் கூடாதா?"

விளக்கு தெரியாமல் இருக்கக் கருப்பு டேப் ஒட்டியவர்களைச் சத்யபிரியா பார்த்திருக்கிறாள். மீட்டரைப் பிரித்துப் பல்பையே பிடுங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். அவள் வருகிறாள் என்று தெரிந்து முந்தின நாள் மெக்கானிக்கிடம் போய், வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறிகளை, 'கோடு'களை, அழித்துக்கொண்டு வந்து, அரிச்சந்திரன் மாதிரி நின்றவர்களைப் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டி பொட்டை எடுத்து ஒட்டிய ஆளை இதுவரை பார்த்ததில்லை.

"சாவி வேணும்மா."

"அவரு பைல வச்சிருக்காரு. கறி வாங்கப் போயிருக்காரு."

"ரெண்டாவது சாவி?"

கனகவல்லி உள்ளே போய் வெந்தய டப்பாவைத் திறந்து, கையை அடிவரைக்கும் விட்டு, சாவியை எடுத்து வந்தாள். "அவரு அதையும் கேட்டாரு. தொலஞ்சு போச்சுன்னு சொன்னேன்" என்றாள்.

உறையை உருவி எறிந்து கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. சத்யபிரியா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். குட்டையான அம்மாவுக்காகப் போட்டிருந்த குஷன் இன்னும் இருந்தது. நேராகப் பார்த்தால் மீட்டர் கண்ணாடியில் அரக்கு நிற வெல்வெட் பொட்டு. சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள். மற்ற விளக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. பொட்டுக்குக் கீழே மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று நின்று எரிந்தது. குஷன் மேலேயே நிமிர்ந்து, அப்பாவின் கண் உயரத்துக்கு எம்பிப் பார்த்தாள். கீற்று மறைந்துவிட்டது. அவர் கண்ணுக்கு அளவெடுத்து ஒட்டியிருக்கிறார். அவருக்குக் கண் உறுத்தக்கூடாது. கீழே உட்காருகிறவளுக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

நகத்தால் பொட்டை நெம்பி எடுத்தாள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று முழித்தது.

"அம்மா, வந்து உக்காரு. அகல் வெளக்கப் பாரு."

கனகவல்லி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சத்யபிரியா பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஸ்கேனரை எடுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த போர்ட்டில் குத்தினாள். போனில் ஆப்பைத் திறந்தாள். திரையில் சக்கரம் சுற்றியது.

"என்னடி வரும் அதுல?"

"கோடு வரும். வண்டிக்கு உடம்புல எங்க நோவுன்னு வண்டியே சொல்லும்."

வந்தது. பி பூஜ்ஜியம் மூணு மூணு அஞ்சு. அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிற எண்தான்.

"எஞ்சின் சுத்துதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஒரு குட்டி சென்சார்மா. கெட்டுப் போனா, சூடு ஏறினதும் வாய மூடிக்கும். அது பேசலன்னா கம்ப்யூட்டர் எஞ்சின நிறுத்திடும். ஆறினதும் மறுபடி பேசும். வண்டி ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்."

"ஆறினதும்" என்றாள் கனகவல்லி.

"அதான் அப்பா வந்து திருப்பினதும் ஸ்டார்ட் ஆச்சு. ஏற்றத்துல எஞ்சின் நின்னுச்சுன்னா பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். நீ இல்லம்மா, யாரு இருந்தாலும் பின்னாடிதான் வந்திருக்கும்."

அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு வண்டி ஓடிய தூரம். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. ஒரு மாதம் அஸ்தினாபுரத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் போய் வந்தால் அந்தத் தூரம் வராது. அதை அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. கனகவல்லி தினமும் கிலோக்கணக்கில் கணக்கு வைத்து அரைக்கிறவள்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் வந்து நின்றது. கறிப்பை ஒரு கையில், புதினாக் கட்டு ஒரு கையில். வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டு சின்னப்பன் அங்கிருந்தே கத்தினார்.

"யாரக் கேட்டு எடுத்த? சாவி ஏது? எறங்குடி கீழ!"

சத்யபிரியா இறங்கினாள். விரல் நுனியில் பொட்டு ஒட்டியிருந்தது. அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னப்பா?"

அவர் பொட்டைப் பார்த்தார். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தார். கறிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எல்லா பழைய வண்டியிலயும் அது எரியும். கண்ணுல குத்துச்சு, ஒட்டினேன். அதுக்கு இப்ப என்ன?"

"மெக்கானிக் யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"இரும்புலியூர்ல ஏகநாதன் கிட்ட காட்டினேன். அவன் ஏதோ சென்சாருன்னான். மெக்கானிக்குன்னா ஏதாவது சொல்லத்தான் செய்வான். வண்டி நல்லா ஓடுது, எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டேன்."

"நல்லா ஓடுச்சா? உங்களுக்கு நின்னதே இல்லையா?"

சின்னப்பன் வாயைத் திறந்தார். தெருவில் எதிர்வீட்டு ஞானசௌந்தரி கதவோரம் வந்து நின்றிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள வா, பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லுங்க" என்றது கனகவல்லியின் குரல். அவள் காரை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடி கேட்டாள். "உங்களுக்கு எங்க நின்னுச்சு?"

"சானடோரியம் சிக்னல்ல ஒரு தடவ. வேளச்சேரி ரோட்டுல ஒரு தடவ. ஓரம் கட்டி ஒரு டீ குடிச்சேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு. சின்ன விஷயம், வல்லி. சொன்னா நீ பயந்துருவேன்னு சொல்லல."

"பயந்துருவேன்னா?" கனகவல்லி இப்போது திரும்பினாள். அவள் கத்தி சத்யபிரியா கேட்டதில்லை. இப்போதும் கத்தவில்லை, ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "பாலத்துல பின்னாடி போனேனே, அப்ப சிரிச்சுக்கிட்டா போனேன்? ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது. பிரேக்கு மிதிச்சா எறங்க மாட்டேங்குது. பின்னாடி பஸ்ஸு வருதா லாரி வருதான்னு தெரியல. செத்தேன்னு நெனச்சேன். உங்களுக்குப் போன் பண்ணேன். வந்தீங்க. வந்ததும் உங்களுக்குத் தெரியும். பாத்த ஒடனே தெரியும், இது எதுனால நின்னுச்சுன்னு. தெரிஞ்சுக்கிட்டே, அத்தன பேரு முன்னாடி, 'கிளட்ச விட்டுட்டா'ன்னு சொன்னீங்க."

"அப்ப இருந்த நெலமையில..."

"அந்த ஆட்டோக்காரரு என் மேல தப்பு இல்லன்னு சொன்னாரு. ஹெட்லைட்டு ஒடஞ்சவரு சொன்னாரு. நீங்க அவர ஓரமா தள்ளிக்கிட்டுப் போனீங்க."

மழை கொஞ்சம் வலுத்தது. கறிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சின்னப்பன் மகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கி, வீட்டில் சம்பளப் பேச்சு பேசுகிற குரலாகியிருந்தது.

"சத்யா, உனக்குத்தான் தெரியுமே. அத அழிச்சிடேன். அந்த லைட்ட. தெருவே பாக்குது. நாளைக்கே ஏகநாதன் கிட்ட விட்டு சென்சார மாத்திடறேன்."

போனில் 'கோடுகளை அழிக்கவா?' என்று கேட்கிற பக்கம் ஒரு தள்ளுத் தூரத்தில் இருந்தது. தொட்டால் விளக்கு அணைந்துவிடும். விளக்கு எரிய ஓடிய தூரம் பூஜ்ஜியமாகும். நடந்ததற்குச் சாட்சியே இருக்காது.

"மாட்டேன்பா. எங்க வேலையில மொத ரூலே அதுதான். மொதல்ல சரி பண்ணணும், அப்புறம்தான் அழிக்கணும். சரி பண்ணாம அழிச்சா திரும்ப வரும்."

"கேட்டீங்கல்ல?" என்றாள் கனகவல்லி. "மொதல்ல சரி பண்ணுங்க. போன எடுங்க."

"எதுக்கு?"

"என் பேர்ல கும்பிடு போட்டு எழுதினீங்களே, அதே குரூப்புல எழுதுங்க."

அவர் வாசல் படியில் உட்கார்ந்து எழுதினார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மெப்ஸில் நூறு பேருக்கு முன்னால் உரக்க உத்தரவு போடுகிறவருக்கு இரண்டு வரி வரவில்லை. கடைசியில் சத்யபிரியாவின் போன் சிணுங்கியது. வாய்விட்டுப் படித்தாள்.

"'வணக்கம். வியாழன் அன்று எங்கள் வாகனத்தில் சிறு கோளாறு இருந்தது தெரிய வந்துள்ளது. விரைவில் சரி செய்யப்படும். நன்றி. இப்படிக்கு, சின்னப்பன்.'"

"நான் எங்க இதுல?" என்றாள் கனகவல்லி.

"அதான் வாகனத்துல கோளாறுன்னு போட்டிருக்கேனே. புரிஞ்சுக்குவாங்க."

கனகவல்லி காரை விட்டு இறங்கி வந்தாள். மகளின் விரலிலிருந்து பொட்டை எடுத்தாள். குனிந்து, அவர் கையிலிருந்த போனில், அந்தச் செய்தியின் மேலேயே அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இதுவும் பொட்டுதான்" என்றாள்.

பிறகு மகளின் போனை வாங்கினாள். எழுத அவளுக்குப் பொறுமை போதாது. கடைக்காரர்களுக்கு ஆர்டர் சொல்கிற மாதிரி மைக்கை அழுத்திப் பிடித்து, வாயருகே வைத்துக்கொண்டாள். கதவோரம் ஞானசௌந்தரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான் கனகவல்லி பேசுறேன், மாவு கனகவல்லி. பாலத்துல வண்டி நின்னது நான் கிளட்ச விட்டதால இல்ல. வண்டியில சென்சார் போயிருக்கு. அது எங்க வூட்டுக்காரருக்கு ரொம்ப நாளாவே தெரியும். எனக்குச் சொல்லல. அவருக்கும் ரெண்டு தடவ நின்னிருக்கு. அப்ப யாரும் வீடியோ எடுக்கல. எனக்குப் பதிலா அவரு கேட்ட மன்னிப்ப நான் திரும்ப எடுத்துக்குறேன். எனக்கு மாவும் ஆட்டத் தெரியும், வண்டியும் ஓட்டத் தெரியும். வச்சிடறேன்."

வாய்ஸ் மெசேஜில் யாரும் 'வச்சிடறேன்' என்று சொல்வதில்லை. சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும். குரூப்பில் முதலில் வந்தது எதிர்வீட்டு ஞானசௌந்தரியின் செய்தி: 'கர்த்தர் பெரியவர் சிஸ்டர். நாளைக்கு ஒரு பாக்கெட் மாவு.'

அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தது சின்னப்பன். உப்பு அதிகம்.

ஏகநாதன் புது சென்சார் போட்டு, சீட்டைக் கழற்றி மாவையெல்லாம் சுரண்டிக் கழுவி வண்டியைத் தந்தான். அடுத்த ஞாயிறு சத்யபிரியா ஸ்கேனரைக் குத்தி, பழைய கோடு மட்டும்தான் இருக்கிறது, புதிதாக எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகு அழித்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. கனகவல்லி அந்த இருட்டு இடத்தைக் கொஞ்சம் நேரம் பார்த்தாள். "அகலுன்னு நெனச்சேன் பாரு" என்றாள்.

குஷனைப் போட்டு அவளே உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள். டிக்கியில் நெமிலிச்சேரி டப்பாக்கள். பின் சீட்டில் சின்னப்பன், மடியில் ஒன்று, காலிடுக்கில் ஒன்றாக ராதா நகர் டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு. அவரை வரச்சொல்லி யாரும் கெஞ்சவில்லை. 'டப்பாவ புடிச்சுக்க ஆள் வேணும்' என்று மட்டும் சொன்னாள்.

எம்.ஐ.டி. பாலத்தில் ஏறினார்கள். மழை விட்டிருந்தது. ரோடு முழுக்க ஈரம், முன்னும் பின்னும் வண்டிகள். பாதி ஏற்றத்தில், அந்த இடம் வந்ததும், கனகவல்லி இண்டிகேட்டர் போட்டு மெதுவாக இடது ஓரம் ஒதுக்கினாள். கிளட்சை மிதித்தாள், பிரேக்கை மிதித்தாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ஏய், என்ன ஆச்சு?" சின்னப்பன் இரண்டு டப்பாக்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நின்னுடுச்சா?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆட்டோ. பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியை எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். கனகவல்லி திரும்பவில்லை. ரியர்வியூ கண்ணாடியை விரலால் சரித்தாள். அதில் இப்போது ரோடு தெரியவில்லை, டப்பாவுக்கு மேலே அவர் முகம் தெரிந்தது.

"நிக்கல. நான் நிறுத்தினேன்" என்றாள். "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க."

"ஹாரன் அடிக்கிறாங்க, வல்லி."

"அடிக்கட்டும்."

பஸ் சுற்றிக்கொண்டு போனது. ஆட்டோவும் போனது. அதற்கப்புறம் அவள் கண்ணாடியை ரோட்டுக்குத் திருப்பி வைத்தாள். சாவியைத் திருப்பினாள். இடது கால் மேலே வந்தது, மெதுவாக, ரொம்ப மெதுவாக, குதிகால் ஊன்றியபடி. ஹேண்ட்பிரேக் இறங்கியது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது.